சார்ஜ்மேனின் டோக்கன்

மஞ்சள் சுவர் வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மஞ்சள் சுவர் வரவில்லை. சவரிமுத்து வாய்க்கால் மதகை ஒட்டி நின்று, ஒயர் கூடையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். கூடையில் ஒரு கிலோ இட்லி மாவும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும் இருந்தன. மாவுக் கடையிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்தப் பக்கம் வீடு கட்டி வந்த பத்து வருடமாக நடக்கிற நடை. கடையை விட்டால் டிரான்ஸ்பார்மர், டிரான்ஸ்பார்மரை விட்டால் மதகு, மதகை விட்டால் மஞ்சள் சுவர், திரும்பினால் நாலாவது வீடு, பச்சை கேட், செலின். டிரான்ஸ்பார்மர் வந்தது. மதகு வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டியது வராமல், எதிரே மூன்று தெருக்கள் பிரிந்து கிடந்தன. மூன்றிலும் ஒரே மாதிரி மின்கம்பம், ஒரே மாதிரி மாடிப்படி, மாடியில் ஒரே மாதிரி கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. ஒரு தெருவுக்குள் நுழைந்து பத்து வீடு எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பியாயிற்று. திரும்பி மதகுக்கு வந்து நின்றபோது, வந்த தெரு நடுத்தெருவா வலப்பக்கத்துத் தெருவா என்று சந்தேகம் வந்தது. வழி தவறுவது எல்லோருக்கும் நடக்கிற காரியம். இப்போதுதான் நடந்துவிட்டு வந்த வழியைக் காலே மறப்பது வேறு. சுவர் எங்கே போகும். சுவர் நடந்து போகாது. சுவர் போகவில்லை என்றால், போனது என்ன.

அவர் மதகின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். கல் இன்னும் வெயிலை வைத்திருந்தது. உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், நின்றால்தான் கேட்பார்கள். இதையும் சார்ஜ்மேனிடம்தான் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. கடைசி நாட்களில் சார்ஜ்மேன் நடுரோட்டில் நின்று யோசித்துவிட்டு, யோசித்தது வராதபோது, இதற்காகத்தான் வந்தேன் என்பதுபோல அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சார்ஜ்மேன் என்பது நாய். செத்து ஒரு வருடமாகிறது. அதைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. வீட்டை நினைக்க வேண்டும். வீட்டை நினைத்தால் செலின் வருகிறாள், செலின் வந்தால் போன் வருகிறது. போன் வீட்டில் சார்ஜரில் கிடக்கிறது. மறந்து வந்ததல்ல, வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க. மாவு வாங்கப் போனவன் மாவுக் கடையில்தானே இருப்பான். ஓசூரிலிருக்கும் மகன் போன மாதம் வந்தபோது சமையலறையில் தணிந்த குரலில் சொன்னது இவர் காதிலும் விழுந்தது. "அம்மா, அப்பாவைத் தனியா வெளிய விடாதீங்க. கேட்டுக்கு உள்பக்கமா ஒரு பூட்டு போட்டுருங்க." அதற்குச் செலின் என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம். இன்றைக்கு யாரிடமாவது போய் என் வீடு எங்கே என்று கேட்டால், ராத்திரிக்குள் அது செலினுக்குப் போகும், செலினிடமிருந்து ஓசூருக்குப் போகும், நாளைக்குப் பூட்டு வரும். பிறகு கேட்டுக்கு உள்ளே நிற்கலாம், உட்காரலாம், போகிறவர் வருகிறவரைப் பார்க்கலாம். சங்கிலி கட்டிய நாளிலிருந்து சார்ஜ்மேனும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு போன் போட்டால் போதும். யாரிடமாவது வாங்கி, செலினையே கூப்பிட்டு, குடை எடுத்துக்கிட்டு வா, மழை வரும்போல இருக்கு, மதகுகிட்ட நிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை, இருந்தாலும் சொல்லலாம். செலின் நம்பர் தொண்ணூற்று நாலு, நாற்பத்து மூணு. தொண்ணூற்று நாலு, நாற்பத்து மூணு, பிறகு ஒரு ஏழு வரும். ஏழு எங்கோ வரும். சாய்ந்த ஏழு. அந்த எண்ணை அவர் வெறுமனே பார்த்தவரல்ல. பத்து எண்களையும் ஒவ்வொன்றாக இரும்பு எண் அச்சை வைத்துப் பித்தளையில் சுத்தியலால் அடித்தவர். தன் பட்டறை டோக்கன் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: இரண்டாயிரத்து நூற்று எழுபத்து மூன்று. முப்பத்து நாலு வருடம் காலையில் வாசல் பலகையில் ஆணியிலிருந்து அந்தப் பித்தளை வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனவர். சங்கு ஊதி முடிந்ததும் டைம் ஆபீஸ் ஆள் வந்து பலகையைப் பார்ப்பான். எந்த ஆணியில் இன்னும் டோக்கன் தொங்குகிறதோ அந்த ஆள் வரவில்லை. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். தொங்கினால் ஆள் இல்லை, அவ்வளவுதான். அது நினைவிருக்கிறது. இது இல்லை. தொண்ணூற்று நாலு, நாற்பத்து மூணு.

சார்ஜ்மேன் பட்டறையில் கிடைத்த குட்டி. ஓய்வுக்கு ஐந்து வருடம் இருந்தபோது, கழற்றிப் போட்ட சக்கரங்களுக்கு நடுவே கத்திக்கொண்டு கிடந்தது. ஒரு வேலையும் செய்யாமல் வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வேலை மேசையாகப் போய் நின்று, செய்கிறவன் கையையே முறைத்துப் பார்த்தது. கூட வேலை பார்த்த குத்புதீன்தான் சொன்னான், "டேய், இது நம்ம சார்ஜ்மேன்டா." பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜ சார்ஜ்மேன், எல்லோர் வேலையையும் மேற்பார்க்கிற பால்ராஜ் சார், ஒரு நாள் திரும்பி, "யாருய்யா அது, பேர் வச்சுக் கூப்பிடாம சார்ஜ்மேன் சார்ஜ்மேன்னு?" என்று கத்த, "உங்களை இல்ல சார், நாயை," என்று குத்புதீன் சொல்ல, ஷாப் முழுக்கச் சிரித்து அடங்க அரை மணி ஆயிற்று. அதை வீட்டுக்குக் கொண்டுபோனதும் மாநகராட்சி நாய் பிடிக்கும் வண்டிக்குப் பயந்து ஒரு டோக்கன் செய்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பித்தளைத் தகடு வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, செலினின் நம்பரை இரண்டு வரியாக அடித்தார். கம்பெனி நேரத்தில் சொந்த வேலை. பின்னாலிருந்து பால்ராஜ் சார் கனைத்தார், சுத்தியல் வழுக்கியது, ஏழு சாய்ந்துவிட்டது. சாய்ந்தாலும் ஏழு ஏழுதான். கழுத்துப் பட்டையில் வளையம் போட்டு மாட்டினார். பிறகு பன்னிரண்டு பதின்மூன்று வருடத்துக்கு அந்த டோக்கனுக்கு ஒரு வேலையும் இல்லை. அது எங்கும் போகவில்லை. போனாலும் வந்துவிடும். எல்லோரும் போனால் வந்துவிடுகிறோம், வராமல் போவது ஒரு நாளில் தொடங்குவதில்லை.

எதில் தொடங்கியது என்று நினைத்துப் பார்த்தால் கதவில் தொடங்கியது. கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கிற பக்கத்தில் போய் மூக்கை ஒட்டி நிற்கும். கேட்டிலும் அப்படி, சமையலறையிலும் அப்படி. திறந்தே கிடக்கும் கதவின் கீல் பக்கத்தில் நின்று, திறக்கட்டும் என்று காத்திருக்கும். அவர் முழங்காலால் மெதுவாகத் தள்ளி, "இந்தப் பக்கம்டா சார்ஜ்மேன்," என்பார். அது நகர்ந்து, நன்றியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பார்வையில் வெட்கமும் இருந்தது என்று அவர் சொன்னபோது செலின் சிரித்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வயசாச்சுங்க. மூளையில தேய்மானம். மனுஷங்களுக்கு வர்ற மாதிரியேதான். புதுசா பழகினது முதல்ல போகும். பழசு கடைசில போகும்," என்றார். "மாத்திரை இருக்கா டாக்டர்?" என்று செலின் கேட்டாள். "இருக்கும்மா. வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது." தேய்மானம் என்ற சொல்லில் அவருக்குப் பயமில்லை. வாழ்நாள் முழுக்கத் தேய்ந்ததைக் கழற்றிப் புதியது போட்டவர். அன்றைக்கு, மனுஷங்களுக்கு வர்ற மாதிரியேதான் என்று டாக்டர் சொன்னபோது, செலின் தன் பக்கம் திரும்பினாளா? திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் ஜன்னலையே பார்த்தாள்? வெளியே ஒன்றுமில்லை, ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் சாத்தி வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் சார்ஜ்மேன் முதல் தடவை காணாமல் போய், இரண்டு மைல் தள்ளிப் பழைய குவார்ட்டர்ஸின் பின்வாசலில் போய்ப் படுத்தது. அந்த வரிசையில் நாற்பது வீடு, நாற்பதும் ஒரே அச்சு. கண் மங்கிய கிழம் சரியான வாசலைக் கண்டுபிடித்திருந்தது. இப்போது அங்கே குடியிருக்கும் பீகார்க்காரப் பையன் டோக்கனைப் பார்த்துப் போன் போட்டான். அவன் இந்தியில் பேச, செலின் தமிழில் பேசினாள். "அங்கேயே புடிச்சு வைங்க தம்பி. கொஞ்சம் தண்ணி குடுங்க. இதோ வந்துட்டோம்." ஆட்டோவில் போனபோது அது சப்பாத்தி தின்றுகொண்டிருந்தது. எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல இவர்களைப் பார்த்து வாலாட்டியது.

"என்ன சவரி அண்ணே, ஓவர்டைமா?" மொபெட் ஒன்று அவர் முழங்காலை ஒட்டி வந்து நின்றது. குத்புதீன். தாடி முழுக்க வெள்ளை. நினைத்துக்கொண்டிருந்த ஆள் எதிரே வந்து நின்றதில் அவருக்கு ஒரு கணம், இது நினைப்பா நிஜமா என்று கலங்கியது. கையை நீட்டி மொபெட்டின் ஹாண்டிலைத் தொட்டார். சூடாக இருந்தது. நிஜம். "சும்மாப்பா. பஸ்ஸுக்கு," என்றார். ஏன் பஸ் என்று சொன்னோம் என்று தெரியவில்லை. குத்புதீன் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். "இந்த ரோட்டுல ஏதுண்ணே பஸ்ஸு?" "வரும்னாங்க." "யாரு, அமைச்சரா?" குத்புதீன் சிரித்தான், அவரும் சிரித்தார். "ஏறுங்கண்ணே, எங்க போகணும்னு சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்." எங்க போகணும். ஏறி உட்கார்ந்தால் வீட்டுக்கு என்று சொல்லலாம். அவனுக்கு வீடு தெரியும், பால் காய்ச்சிய அன்றைக்கு வந்து பந்தல் போட்டவன். ஆனால் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு விடு என்று கேட்டால்? வீடு இங்கிருந்து நாலு வீடா நாலு மைலா, அதுகூடத் தெரியாமல் எப்படி ஏறுவது? "நீ போப்பா. எனக்குக் காத்து வேணும்." குத்புதீன் உடனே போகவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் கூடையைப் பார்த்தது, செருப்பைப் பார்த்தது, மறுபடி முகத்துக்கு வந்தது. பட்டறையில் ஒரு பாகத்தைக் கையில் வாங்கி, விரிசல் எங்கே என்று பார்க்கிற பார்வை. "சரிண்ணே. அண்ணியைக் கேட்டேன்னு சொல்லுங்க." மொபெட் போயிற்று. எந்தத் தெருவில் போகிறான் என்று கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. புகை மட்டும் நின்றது.

இரண்டாவது தடவை காணாமல் போனபோது நாய் பட்டறை வாசலுக்குப் போயிற்று. அதைச் செலினிடம் அவர் முழுதாகச் சொன்னதில்லை. வேலையில் இருந்த காலத்தில் சாயங்காலச் சங்கு ஊதினால் போதும், குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவந்து வாசலில் நிற்கும். ஆயிரக்கணக்கான ஆட்களில் அவரைப் பிடித்துவிடும். அன்றைக்கு வீட்டில் காணவில்லை என்றதும் அவருக்குச் சட்டென்று தோன்றி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நின்றது. சங்கு ஊதி, நீலச் சட்டைக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் நேராக அதன் முன்னால் போய் நின்று, "சார்ஜ்மேன்," என்றார். அது தலையைச் சாய்த்து, அவர் காலைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தது. அவர் குனிந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அது பணிவாக முகத்தை விடுவித்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தைப் பார்த்தது. ஒவ்வொரு முகமாக, கடைசி ஆள் வரும்வரை பார்த்தது. வாசல் காலியானபோது முனகியது. அவரைத்தான் தேடியது. தேடப்படுகிறவர் பக்கத்திலேயே நின்றார், அது தேடியது. அப்போது அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. அது தேடுகிற சவரிமுத்து உள்ளேயே இருந்துவிட்டானோ, வெளியே வந்தவன் வேறு யாரோ என்று. ஒரு நொடிதான். பிறகு அதைத் தூக்கி சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அது யாரோ ஒருவனின் கையில் இருப்பதுபோல விறைத்திருந்தது. இன்றைக்கு அந்த நொடி திரும்ப வருகிறது. செலின் முகத்தைப் பார்த்து இது யார் என்று அவர் நினைத்ததில்லை, இதுவரை நினைத்ததில்லை. நினைக்கிற நாள் வந்தால், நினைக்கிறோம் என்று தெரியுமா? அதற்குத் தெரியவில்லையே. அது பணிவாகத்தானே நடந்துகொண்டது.

மூன்றாவது தடவை நடந்ததைச் செலின் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், சிரித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள். போன் வந்தது. "அம்மா, உங்க நாய் கல்லறைல இருக்கு." செலினுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, எப்பப்பா?" "இப்பதாம்மா, பதினோரு மணிக்கு." "யாரு புதைச்சது?" "புதைக்கலம்மா, உயிரோடதான் இருக்கு, பிஸ்கட் தின்னுது." யாரோ ஒரு கிழவரின் அடக்கப் பூசை நடந்திருக்கிறது. இது கோவிலுக்குள் நுழைந்து, பெட்டி வைத்திருந்த மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டது. இறந்தவர் வீட்டு ஆட்கள், தாத்தா வளர்த்த நாய்போல என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால், வண்டிக்கு முன்னால், கல்லறைத் தோட்டம்வரை அது நடந்தே போயிருக்கிறது. இவர் போனபோது குழிக்கரையில் உட்கார்ந்து, மண் விழுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும், வழி பார்த்துவைக்க வந்ததுபோல இருந்தது. மறுநாள் சங்கிலி வாங்கிவந்து கட்டினார். செலின் வேண்டாம் என்றாள். "பாவங்க, எத்தனை நாளைக்கு இருக்கப்போகுது, சுத்திட்டுப் போகட்டுமே. அதான் கழுத்துல நம்பர் இருக்குல்ல." "வண்டில அடிபட்டா நம்பர் என்ன செய்யும்?" என்றார் அவர். கட்டியது அவர்தான். பிறகு பத்து நாள் அது ஊளையிடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கேட்டின் கீல் பக்கத்தில், சங்கிலி எட்டிய தூரத்தில் நின்றது.

பதினோராவது நாள் கழுத்தில் பட்டை உரசிப் புண்ணாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவர் ஒரு வருடமாக மறுபடி மறுபடி கழற்றி மாட்டிப் பார்க்கிறார். பட்டையைக் கழற்றினார். வேப்பெண்ணெய் தடவினார். எண்ணெய் இறங்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து மாட்டலாம் என்று, பட்டையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டார். சாப்பிட்டார். படுத்தார். எழுந்தபோது சாயங்காலம், அது இல்லை. கேட்டைத் தாழ் போட்டோமா, போட்டதாகத்தான் ஞாபகம். ஒரு மணி நேரம் கழித்து மாட்ட வேண்டும் என்பது மறந்ததா, அல்லது மாட்டிவிட்டதாகவே நினைத்துப் படுத்தாரா? மறந்தது என்றால் சரி, மனிதன் மறப்பான். மாட்டிவிட்டதாக நினைத்தது என்றால்? அப்படியானால் அன்றைக்கே, அதற்கும் முன்பே. கணக்கு எங்கே தொடங்குகிறது? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நூல் சிக்கியதுபோல நிற்கும், பிறகு முதலிலிருந்து. பட்டையைக் கழற்றினார். வேப்பெண்ணெய் தடவினார். நாலு நாள் தேடினார்கள். நாலாவது நாள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில், செலின் போனிலிருந்த படத்தைக் காட்டியதும் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுவாம்மா? ரெண்டு நாளா இங்கதாம்மா சுருண்டு படுத்திருந்துச்சு. பன்னு போட்டேன், திங்கல. நல்ல வீட்டு நாய் மாதிரி இருக்கேன்னு கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. ஒரு நம்பர் இருந்திருந்தா போன் பண்ணியிருக்க மாட்டேனா? காலைலதாம்மா." கடைக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, கொல்லையில் முருங்கைக்கு அடியில் புதைத்தார். கை கழுவச் சமையலறைக்குள் வந்தபோது செலின் கதவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆணியில் பட்டை தொங்கியது. டோக்கன் லேசாக ஆடியது. தொங்கினால் ஆள் இல்லை. அவள் பார்த்ததை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். "குளிச்சுட்டு வாங்க," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கும் இல்லை, இந்த ஒரு வருடத்தில் என்றைக்கும் இல்லை. சில நாள் கழித்து ஆணி வெறும் ஆணியாக இருந்தது. எங்கே எடுத்துவைத்தாய் என்று அவர் கேட்கவில்லை.

தூரத்தில் பட்டறைச் சங்கு ஊதியது. அவர் எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான், எதற்கு எழுந்தோம் என்று பட்டது. கால் தானாக எழுந்துவிட்டது. சங்கு வரும் திசை பட்டறை. பட்டறையின் திசை தெரிந்தால் குவார்ட்டர்ஸுக்குப் போகலாம், அந்த வழி கண்ணை மூடினாலும் தெரியும், ஒவ்வொரு திருப்பமும் தெளிவாக, எண்ணெய் போட்டதுபோல இருந்தது. நாற்பதில் எது தன் வீடு என்பதும் தெரியும். பின்வாசல். பழசு கடைசில போகும். இரண்டடி எடுத்து வைத்தார். அப்போது பயம் முழு உருவில் வந்தது. இப்படித்தான் அது கிளம்பியிருக்கும். காணாமல் போகிறோம் என்று அது நினைத்திருக்காது. வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் கிளம்பியிருக்கும். மாவு கனத்தது. வியர்வை நெஞ்சில் இறங்கியது. மதகுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் பஜ்ஜிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த பெண், "அப்பா, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க. தண்ணி கிண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று கையசைத்தார். அவள் விடவில்லை. "யாருக்காக வெயிட் பண்றீங்க? வீடு எங்க இருக்கு?" அவர் கூடையை மறுபடி கை மாற்றிக்கொண்டார். அவள் கண் அவர் சட்டைப் பையைப் பார்த்தது, கையைப் பார்த்தது, கூடையைப் பார்த்தது. ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாள். கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல.

கழுத்துக் கயிற்றில் தொங்கும் மாதா உத்தரியம் நெஞ்சில் ஒட்டி உறுத்தியது. கார்மேல் மாதா திருநாளன்று செலின் போட்டுவிட்டது. பழைய உத்தரியத்தின் கயிறு இத்துப்போய்விட்டது என்று, பழுப்புத் துணியில் புதிதாகத் தானே தைத்து, ஃபாதரிடம் மந்திரித்து வாங்கிவந்து, "இதைக் கழட்டவே கூடாது, குளிக்கும்போதும் கழட்டக் கூடாது, என் மேல சத்தியம்," என்று தலைவழியாகப் போட்டாள். கயிற்றின் ஒரு முனைத் துண்டு நெஞ்சில், மறு முனைத் துண்டு முதுகில். தீப்பெட்டி அளவுத் துணி. நெஞ்சுப் பக்கத்துத் துண்டு அன்றிலிருந்தே கொஞ்சம் கனமாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. உள்ளே மாதா சுரூபப் பதக்கம் வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டார். இப்போது அதை உரிக்கிறாற்போலத் தோலிலிருந்து பிரித்தெடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தார். பிடித்ததும் விரல் நின்றுவிட்டது. சுரூபம் நீள்வட்டமாக இருக்கும். இது வட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவு. ஓரம் ராவியிருக்கிறது. ராவிய கை எது என்று விரலுக்குத் தெரிந்தது. துணிக்கு மேலாகப் பெருவிரல் நகர்ந்தது. ஒன்பது. நாலு. நாலு. மூணு. அடுத்த வரியில், சாய்ந்த ஏழு.

எப்போதிலிருந்து தெரியும் அவளுக்கு? திருநாள் ஜூலையில். மகன் வந்து போனது அதற்குப் பிறகு. பூட்டுப் போடு என்று அவன் சொன்னபோது குழாயைத் திறந்துவிட்டவள், அதற்கு முன்பே ஊசியில் நூல் கோத்து முடித்திருந்தாள். ஃபாதர் நாயின் டோக்கனையும் சேர்த்துத்தான் மந்திரித்திருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. எதையோ அவளிடமிருந்து ஒளித்துக்கொண்டிருப்பதாக இத்தனை நாள் சாமர்த்தியமாக நடந்திருக்கிறார், கீல் பக்கத்தில் நின்றுகொண்டு. வண்டியருகே போய், "அம்மா, கத்திரி இருக்கா?" என்று கேட்டார். அவள் பஜ்ஜி மிளகாய் வெட்டுகிற கத்தியைத் துடைத்துக் கொடுத்தாள். தையல் நெருக்கமாக, நல்ல பலமாக இருந்தது. பிரித்து, டோக்கனை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க." அவள் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்ணைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள், ஏழில் சந்தேகப்பட்டாள், "ஏழுதாம்மா," என்றார். "ஹலோ, அம்மாங்களா? இங்க மதகுகிட்ட பஜ்ஜி வண்டிம்மா. இங்க ஒரு பெரியவர், கைல ஒரு பித்தளைக் காசு வச்சிருக்காரு, அதுல உங்க நம்பர்." பிறகு செலினின் குரல், எண்ணெய் இரைச்சலைத் தாண்டி, தெளிவாகக் கேட்டது. "அங்கேயே உக்கார வைங்கம்மா. கொஞ்சம் தண்ணி குடுங்க. இதோ வந்துட்டேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டு, மூன்று தெருக்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தத் தெருவிலிருந்து வருவாள் என்பதைவிட, வரும்போது தெரியுமா என்பதுதான். முகத்தை முன்கூட்டியே தயார் செய்தார். இடது புருவத்துக்கு மேலே தழும்பு, சின்ன வயதில் அம்மிக் குழவி பட்டது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி. நடக்கும்போது வலது தோள் முன்னால் வரும். இடப்பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். வலது தோள் முன்னால் வந்தது. செலின், என்றார் மனசுக்குள். செலின்தான். எழுந்தார். அவள் ஓடிவரவில்லை, வேகமாகவும் வரவில்லை. கடைக்குப் போகிறவள்போல வந்து, பஜ்ஜிப் பெண்ணிடம் பேசிவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டாள். "மாவு பொங்கிருச்சே," என்றாள். அவர், "மஞ்சள் சுவர்," என்று தொடங்கினார். அவள் திரும்பிக் காட்டினாள். முனை வீட்டுச் சுவர், கத்தரிப்பூ நிறத்தில் பளபளவென்று நின்றது. "அவங்க வீட்ல கல்யாணம். திங்கக்கிழமை பெயிண்ட் அடிச்சாங்க. நாம ரெண்டு பேரும்தானே மாடியில நின்னு பார்த்தோம், என்ன கலருடா இதுன்னு நீங்கதான் சொன்னீங்க." அவருக்கு மாடி ஞாபகம் வரவில்லை. பெயிண்ட் ஞாபகம் வரவில்லை. சுவர் போகவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார். "கேட்டைப் பூட்டிருவியா?" செலின் நின்று, அவர் கையிலிருந்த டோக்கனை எடுத்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "கட்டிப் போட்டுப் பார்த்தாச்சுல்ல," என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போய்த் தச்சுத் தர்றேன். இந்தத் தடவை ரெட்டை நூல் போடுறேன்."

திரும்பினால் நாலாவது வீடு. அவ்வளவுதான், அவ்வளவு பக்கம். பச்சை கேட் தெரிந்ததும் அவருக்கு மூச்சு இறங்கியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, கதவு எண், தபால் பெட்டி, மாதா படம் போட்ட ஓடு. அவளுக்கு முன்னால் நாலடி வேகமாக நடந்து, கேட்டருகே போய் நின்று, கம்பியில் கை வைத்தார். திறக்கட்டும் என்று காத்திருந்தார். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கைக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கீல் இருப்பதைப் பார்த்தார். பின்னால் செலினின் செருப்புச் சத்தம் நின்றது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் கை வைத்து, மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.